ஒரே நாளில் கோலாலம்பூர்

ஊரைச் சுற்றிக் காட்டுகிறவளுக்கு ஊர் தெரிந்தால் மட்டும் போதாது, வாயையும் திறக்க வேண்டும். கூச்ச சுபாவத்தோடு பிறந்து, பேசித்தான் பிழைக்க வேண்டும் என்ற வேலையில் மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் வணக்கம்; நாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில், வரலாற்றுப் பட்டத்தோடு ஒரு சின்னச் சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்தேன். பந்திங், கிள்ளான் பக்கத்துத் தமிழர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்த் தலைநகரைக் காட்டுவது வேலை. மூன்று மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் கிள்ளானில் மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். மாமாவுக்குக் கல்யாண வயதில் ஒரு மகனும் இருந்தான்.

முன்னால் போன லோரி

முதல் நாள் பஸ்ஸுக்குள் திரும்பி நாற்பது முகங்களைப் பார்த்ததும் மெல்ல டிரைவர் ராஜு அண்ணன் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்களுக்கு முன்னால் மணல் லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஈயம் தோண்ட வந்தவர்கள் படகேறி ஆற்றில் வந்த கதை முழுவதையும் மைக்கில் அந்த லோரிக்குச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து, நடு ஸீட்டிலிருந்து பந்திங் ஆன்டி ஒருவர் ராஜு அண்ணனிடம் கேட்டார்: "டிரைவரண்ணே, ரேடியோ நல்லாத்தான் பேசுது. நம்மளுக்கு ஊரு காட்ட ஒரு பொண்ணு வரும்னாங்களே, அது எப்ப ஏறும்?"

படியில் முப்பது ஜோடி

இரண்டாவது மாதம், தோட்டத்துக் குடும்பங்கள் நிறைந்த பஸ். முதலில் ஆற்றோரப் பள்ளிவாசல். "செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க" என்று நான் சொன்னதை அப்படியே கேட்டார்கள். அடுத்து ரயில் நிலையம். வெள்ளைக் குவிமாடங்களும் வளைவுகளுமாக அது நிற்கும் அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குறிப்பேட்டை வாசித்துக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். டிக்கெட் கவுன்டருக்கு அருகில் திரும்பிப் பார்த்தால், முப்பது பேரும் வெறுங்காலோடு, கைகட்டி, பயபக்தியோடு நிற்கிறார்கள்.

வெளியே ஓடினேன். பெருக்குகிறவர் அதற்குள் எல்லாச் செருப்பையும் ஒரே குவியலாகத் தள்ளியிருந்தார். ஜோடி சேர்க்க முக்கால் மணி நேரம் ஆனது. எல்லாம் ஒரே நிற ஜப்பான் ரப்பர் செருப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இடது காலில் தன்னுடையதும் வலது காலில் வேறு யாருடையதோ ஒன்றுமாக நின்ற ஒரு பெரியவர் சொன்னார்: "அழாத தங்கச்சி. ஒன் மேல தப்பு இல்ல. ரயிலு நிக்கிற எடத்த எவன் இப்படிக் கட்டச் சொன்னான்?"

பிறந்த இடம்

இரண்டு ஆறுகள் கூடும் முனையில்தான் இந்த ஊரே தொடங்கியது. எனக்கு உடம்பு சிலிர்க்கும் இடம் அது. "இங்கிருந்துதான் கோலாலம்பூர் பிறந்தது" என்று, அன்றைக்குத்தான் கொஞ்சம் தைரியமாக, கையை நீட்டிக் காட்டினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிமென்ட் சுவர்களுக்கு நடுவில் பழுப்புத் தண்ணீர், அதில் மிதந்து போன ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த தொழிற்சாலைத் தோழிகளில் ஒருத்தி கைப்பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "இந்த மாதிரி லொங்காங் சாக்கடை எங்க வீட்டுக்குப் பின்னாலயே ஓடுதே அக்கா. அங்க ஒரு ஊரும் பொறக்கலையே!"

மேனேஜர் ஏறிய ஞாயிறு

செருப்புக் கதை மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. சோதனைக் காலத்தின் கடைசி ஞாயிறு அவரே வந்து முன் ஸீட்டில் உட்கார்ந்தார், மடியில் நோட்டுப் புத்தகம். ஏறும்போதே சொல்லிவிட்டார்: நேரம் தவறக் கூடாது, மைக் கையை விட்டுப் போகக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும்போது கிள்ளானிலிருந்து வந்திருந்த சரசு ஆன்டி திடீரென்று எழுந்தார். "தங்கச்சி, பஸ்ஸ மெதுவா விடச் சொல்லு. நான் பொறந்த ரயில்வே குவாட்டர்ஸ் இங்கதான் இருந்திச்சு. எந்த எடம்?"

வெளியே நீளமான தகரவேலி. வேலிக்கு மேலே கிரேன்கள். என் குறிப்பேட்டில் ரயில் நிலையம் கட்டிய கதை இருந்தது. ரயில்வேக்காரர்கள் குடியிருந்த வீடுகள் இல்லை. எதையாவது காட்டிச் சமாளித்திருக்கலாம். ஆன்டி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் வரவில்லை. "எனக்குத் தெரியலை ஆன்டி. நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை நீட்டிவிட்டேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். ஜவுளிக்கடை கண்ணில் தெரிந்தது.

"எங்க அப்பாவுக்கு சிக்னல் வேல. நாலாவது வீடு. காலையில மெயிலு கூவுனா அம்மா அடுப்ப மூட்டும். முருங்க மரத்துக்குப் பக்கத்துல தண்ணிக் கொழாயி..."

"முருங்க இல்லக்கா, மாமரம்!" பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல்.

"கொழாயி மரத்துக்குப் பக்கத்துலயே இல்ல!" என்று யாரோ கத்தினார்கள். மேனேஜர். நோட்டுப் புத்தகம் கீழே விழ எழுந்து, ஆன்டி கையிலிருந்து மைக்கை வாங்கினார். "வரிசையோட கோடியில இருந்திச்சு. வாளிச் சண்டையில பட்ட தழும்பு, பாருங்க!" என்று குனிந்து நெற்றியைக் காட்டினார்.

அப்புறம் அவர் மைக்கை விடவில்லை. பஸ் அந்தத் தகரவேலியை மூன்று முறை சுற்றியது. குளிக்கும் அறைக்கு வெளியே நின்ற வரிசை, தைப்பூசத்துக்கு முதல் நாள் வாடகைக்குப் பிடித்த லோரி என்று பஸ்ஸில் ஒருவர் விடாமல் பேசினார்கள். நான் குறிப்பேட்டைத் திருப்பி, பின் பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிருந்தது.

நாலாவது சுற்றுக்குத் திருப்பும்போது ராஜு அண்ணன் பின்னால் பார்க்காமலே சொன்னார்: "பாஸ், மைக்க அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க லா. இன்னிக்கு டெஸ்ட் அதுக்கா, ஒங்களுக்கா?"

என் வேலை அன்றைக்கே நிரந்தரமாகிவிட்டது. நான் காட்ட வேண்டிய ஊர்தான், வாரத்துக்கொரு தகரவேலி முளைத்து, அதன் பிறகு ஒரு ஞாயிறு இருந்த மாதிரி அடுத்த ஞாயிறு இருக்கவில்லை.