ஓநாய்ப் பெயரும் எங்கள் அப்பாவும்

சாவகச்சேரியில் பிறந்து சுவிஸ் நாட்டின் பேர்ணில் கண்மூடிய எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கு, அவர் கடைசியாகச் செய்த ஒரு காரியத்தை மூத்த மகளாகிய நான் சொல்ல வேண்டும். அதில் என் பிழையும் இருக்கிறது.

ஊரில் பாடசாலை எழுதுவினைஞராக இருந்தவர், இங்கே அகதியாக வந்து, ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் இருபது வருடங்களுக்கு மேல் பாத்திரம் கழுவினார். ஒருநாளும் குறைப்பட்டதில்லை. உடன் வேலை செய்தவர்களில் பாதிப்பேர் சேர்பியர்கள். யாரைக் கண்டாலும் பெயரைக் கேட்பார். அடுத்து அதன் பொருளைக் கேட்பார். வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குச் சொல்வார்:

"வெஸ்னா எண்டால் வசந்தம். போக்டான், கடவுள் தந்தவன். ஸ்டோயான் எண்டால் நிலைச்சு நிக்கிறவன். ஆனா அவன்தான் வேலையில ஒரு இடத்தில நிக்கமாட்டான்!"

என் மகன் சேர்பியப் பெண்ணான மிலிட்சாவை மணந்தபோது உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்பா அவளுடைய மொழியில் நாலு வார்த்தை பேசி மண்டபத்தையே சிரிக்க வைத்தார்.

அவர்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாமவன் சென்ற ஆண்டு நாள் நிரம்பாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். மிலிட்சா பெயர்ப் படிவத்தில் 'வூக்' என்று எழுதினாள். ஓநாய் என்று பொருள். அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிய நான், படிவத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கோயில் ஐயரிடம் நட்சத்திர எழுத்துக் கேட்டு மூன்று பெயர்கள் குறித்து வைத்திருந்தேன். பிள்ளை பிழைப்பானோ என்ற பயத்தில் அந்தச் சொல்லே எனக்கு அபசகுனமாகப் பட்டது.

அதே வைத்தியசாலையில்தான் அப்பாவும் புற்றுநோயோடு படுத்திருந்தார். அவரிடம் போய் அழுதேன்.

"அப்பா, பிள்ளைக்கு ஆராவது ஓநாய் எண்டு பேர் வைப்பினமோ?"

"என்னை வீட்டில என்னெண்டு கூப்பிட்டவை, பிள்ளை?"

"பிச்சை எண்டு."

"ஏன்?"

எனக்குத் தெரியும். அவருக்கு முன் பிறந்த இருவரும் இறந்துபோனார்கள். இவரையும் சாவு கொண்டுபோகக் கூடாதென்று வைத்த பெயர் அது.

"அவையும் அப்பிடித்தான். பிள்ளை தங்காத வீட்டில ஓநாய் எண்டு வைப்பினமாம். ஓநாய்க்குப் பயந்து சூனியக்காரி கிட்ட வரமாட்டாளாம். ஸ்டோயான் சொன்னவன். எங்கட ஆக்கள் சாவிட்டக் கெஞ்சினவை, இவை சண்டைக்கு நிக்கினம். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "படிவம் எங்க?"

கைப்பையைத் திறந்தேன்.

"ஓடிப்போய்க் குடு. நான் போக முந்தி அவனுக்குப் பேர் இருக்கோணும்."

கொடுத்தேன். மிலிட்சாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். அடுத்த மாதம் வூக் வீட்டுக்கு வந்தான். இன்றும் அவன் இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

இருவரையும் பராமரித்த தாதியருக்கும், வேலை உடையோடே ஓடிவந்து அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய ஸ்டோயானுக்கும் சமையலறைத் தோழர்களுக்கும், துயரில் எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவு நாளன்று அப்பாவின் படத்துக்குப் போட்ட மாலையை ஒருவன் பிய்த்துக்கொண்டிருப்பான். பெயரைக் கேளுங்கள். பொருளையும் கேளுங்கள்.