உஷாராணி ஒட்டிய பின்லைட்டு

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் குறித்தால் முதல் தட்டு தாய்மாமன் வீட்டுக்குத்தான். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துப் பெண்ணைப் பெற்ற இரண்டு பேரும் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். அந்தத் தட்டு போகாமல் வேறு எந்த வீட்டுக்கும் பத்திரிகை போகாது. தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வரும்.

என் தங்கை மகள் உஷாராணி தன் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டாள். பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது. ஆனால் கட்டைப் பிரிக்காமல் கிள்ளான் வீட்டில் ஐஸ் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாள். காரணம் ஒரு காரின் பின்லைட்டு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம், ஆனால் அவளுக்குத் தெரியாமல்.

உஷாராணி கேரி தீவில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகு கேக்கும் பலகாரமும் செய்து விற்க ஆரம்பித்தாள். தீபாவளி வந்தால் அவள் வீட்டில் உட்கார இடமிருக்காது. சிவப்பு மூடி போட்ட பிஸ்கட் போத்தல் கூடத்திலிருந்து படுக்கையறை வரைக்கும் அடுக்கியிருக்கும். அவள் போத்தலை மூடினால் மூடினதுதான். சுற்றி டேப் ஒட்டி, ஒட்டின இடத்தை விரலால் நீவி, மறுபடியும் ஒரு சுற்று ஒட்டுவாள். காற்று புகுந்து பிஸ்கட் நமுத்துப் போச்சென்று ஒருத்தர் வாயிலும் வந்ததில்லை. திறக்கத்தான் கத்தி வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் பழனியப்பன் லோரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷர், ரோஷம் மட்டும் கொஞ்சம் கூட. அவரிடம் ஒரு பழைய டட்சன் கார். உஷாராணியின் அண்ணன் வாசு பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பு. பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல். சில வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி அன்று, தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தன் வேனைப் பின்னால் எடுத்தவன் நேராக டட்சனின் பின்லைட்டில் கொண்டுபோய் இடித்தான். கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தச் சிவப்பு மூடி நொறுங்கிப்போனது.

"பின்னால பாக்காம சோத்துப் பானையைத் திருப்புற மாதிரி திருப்புறியே மச்சான்" என்றார் பழனியப்பன்.

"ரோட்டுல பாதியை அடைச்சு எருமை மாதிரி நிறுத்தினது யாரு மாப்பிள்ளை?" என்றான் வாசு.

சும்மா கேலியாக ஆரம்பித்ததுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் இரண்டு பேருக்கும் ஏறிக்கொண்டது. "உடைச்சவன் வந்து மாட்டட்டும்" என்றார் இவர். "அவரே வந்து கூப்பிடட்டும்" என்றான் அவன். அதோடு போக்குவரத்து நின்றுபோனது.

பழனியப்பன் உஷாராணியின் பிஸ்கட் போத்தல் மூடி ஒன்றை வெட்டி, உடைந்த இடத்தில் வைத்துச் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டார். டேப் உரிந்தால் புதுசு ஒட்டுவாரே தவிர, லைட்டு மூடி வாங்க மாட்டார். "அது சாட்சி" என்பார். ரோட்டில் நிறுத்திய போலீஸ்காரரிடமும் மச்சான் கதையைத்தான் முழுசாகச் சொன்னாராம். அந்த மலாய்க்காரப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு, பெரியவரை மாமா என்று கூப்பிடுகிற மாதிரி, "சரி பாக்சிக், போங்க" என்று விட்டுவிட்டானாம்.

தர்ஷினி சமாதானம் பேசிப் பார்த்தாள். "அப்பா, மாமா இல்லாம நான் மணவறைக்கு வரமாட்டேன்."

"உன் மாமனை யாரு வரவேணாம்னா? பின்லைட்டை மாட்டிட்டு வரட்டும்."

உஷாராணிக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மண்டபம் பெரிசோ சின்னதோ, தன் கூடப்பிறந்தவன் தன் மகள் கையைப் பிடித்து வரவேண்டும். அவ்வளவுதான். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பழனியப்பன் ஈப்போவுக்கு லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு இவள் மேரு ரோட்டில் பழைய கார்களை வெட்டி விற்கிற கடைக்குப் போனாள். டட்சன் என்றதும் கடை முதலாளி, சீனத் தவுக்கே, "ஆன்டி, இன்னும் ஓடுதா அது?" என்று மலாயில் கேட்டார். "என் வீட்டுக்காரர் மாதிரி, சத்தம் போட்டுட்டு ஓடுது" என்றாளாம். அவர் உள்ளே போய்த் தூசிக்குள்ளிருந்து ஒரு மூடியைத் தேடி எடுத்து வந்து, திருகாணியை ரொம்ப முறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து டேப்பை உரித்தாள். பழைய பிசின் ஒட்டிக்கொண்டிருந்ததை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். ஓரத்து ரப்பர் பட்டை இற்றுப்போய்க் கையோடு வந்தது. அதை எறிந்துவிட்டு, கேக்குக்குக் கிரீம் போடுகிற கையால் சிலிக்கன் பசையை ஓரம் முழுக்க ஒரே சீராகப் பிழிந்தாள். மூடியை வைத்து, திருகாணிகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். பிதுங்கின பசையை விரலால் நீவினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆசையாயிருந்தது. கடைசியில் லைட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. இதுவழியாகத்தான் தண்ணீர் போகுமென்று நினைத்து அதையும் நன்றாக அடைத்துவிட்டாள்.

மறுநாள் பழனியப்பன் வந்தார். காரைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். குனிந்தார். தடவினார். உள்ளே வந்து மெதுவாகக் கேட்டார்.

"வாசு வந்தானா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும், "காப்பி கலக்கவா?" என்று வந்துவிட்டது.

"நான் இல்லாத நேரமாப் பாத்து வந்து மாட்டிட்டுப் போயிருக்கான் பாரு, கள்ளன்" என்றார். அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "ஞாயித்துக்கிழமை தட்டு எடுத்துட்டுப் போவோம். பெரியம்மாவையும் வரச் சொல்லு."

பெரியம்மா நான்தான். பின்சீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உஷாராணி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

வாசு கார் சத்தம் கேட்டு வெளியே வந்தான். பழனியப்பன் காரை வாசலில் ஒதுக்கி நிறுத்தியதில் பின்பக்கம் அவனுக்கு நேராக இருந்தது. புது மூடியைப் பார்த்தான். கண் அங்கேயே நின்றது. மாப்பிள்ளை தானே மாட்டிக்கொண்டு, சண்டையை விட்டுக் கொடுத்து வந்திருக்கிறார் என்று அவன் கணக்குப் போட்டான்.

"வாங்க மாப்பிள்ளை" என்று கையைப் பிடித்தான்.

"நடந்ததை விடு மச்சான்."

"நான் எப்பவோ விட்டாச்சு. உங்க மனசு யாருக்கு வரும்?"

"உன் மனசுதான் பெரிசு."

ஒருத்தரை ஒருத்தர் புகழ்ந்ததைக் கேட்கவேண்டுமே. உஷாராணி அண்ணன் கையில் தட்டைக் கொடுத்தாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆட்டுக்கறி வைத்துச் சோறு போட்டான். சாப்பிடும்போது வெளியே மழை பிடித்துக்கொண்டு கொட்டியது.

மழை விட்டதும் கிளம்பினோம். மாப்பிள்ளை கையைப் பிடித்தபடி வழியனுப்ப வந்த வாசு பின்லைட்டுப் பக்கம் நின்றான். உள்ளே பாதிக்குத் தண்ணீர் நின்றது. மீன் விட்டால் நீந்தும்.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க மாப்பிள்ளை. ஆனா அடி ஓட்டையை ஏன் அடைச்சீங்க? பின்னால பல்பு பக்கமா கொஞ்சம் தண்ணி எப்பவும் இறங்கும் லா. அது வெளியே போறதுக்குத்தான அந்த ஓட்டை."

"நான் எங்க அடைச்சேன்? நீ ஒட்டினதுதானே?"

"நானா? நான் அந்தப் பக்கமே வரலியே."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி உஷாராணியைப் பார்த்தார்கள். பழனியப்பனின் முகம் இறுகிப்போனது. வாசு பிடித்திருந்த கையை விட்டான். தட்டு திரும்பி வந்துவிடுமோ என்று நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

உஷாராணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உடைச்சவரும் மாட்டல, உடைபட்டவரும் மாட்டல. நான்தான் மாட்டினேன். அண்ணே, நீங்க மாட்டினதா அவரு நெனச்சாரு, அவரு மாட்டினதா நீங்க நெனச்சீங்க. அந்த நெனப்புல ரெண்டு பேருக்கும் எவ்வளவு சந்தோஷம், நான் பாத்துட்டுத்தானே இருந்தேன். இப்போ தண்ணி நிக்குது. எடுத்துவிடுறீங்களா, இல்ல அதுக்கும் நானே குனியணுமா?"

முதலில் சிரித்தது பழனியப்பன்தான். முதலில் வயிறு குலுங்கியது, அப்புறம்தான் சத்தம் வந்தது. "பிஸ்கட் போத்தல்னு நெனச்சிட்டா மச்சான்" என்றார். வாசுவுக்கும் பற்றிக்கொண்டது. காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிறகு சண்டைதான். ஊசியைச் சுட்டுக் குத்தலாம் என்றார் ஒருத்தர்; சுட்டால் மூடி உருகும், குச்சியால் நோண்டலாம் என்றான் மற்றவன். மாற்றி மாற்றி விரட்டிக்கொண்டு, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, கடைசியில் பல் குத்துகிற குச்சியால் பசையை எடுத்தார்கள். தண்ணீர் வாசுவின் வெள்ளை வேட்டியில் பீய்ச்சியடித்தது. மறுபடி சிரிப்பு. உஷாராணி படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பத்திரிகைக் கட்டைப் பிரித்தாள்.

கல்யாணத்தன்று கிள்ளான் மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. வாசு பட்டு வேட்டியில், தர்ஷினி கையைப் பிடித்து வாசலில் நின்றான். "மாமா, மெதுவா. சேலை தடுக்குது" என்றாள் அவள். "நீ என்னைப் பிடிச்சுக்க, மத்தது நான் பாத்துக்கறேன்" என்றான். நடைபாதை முழுக்கக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள். அடி வைக்க இடமில்லை.

மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பழனியப்பன் அங்கிருந்து இறங்கி வந்தார். இரண்டு கையாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"வழி விடுங்க லா, வழி விடுங்க. மச்சான் வராரு."