போடிமெட்டில் சிவக்காத குடைமிளகாய்

மேலே இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்பு மிளகாய் என்ன ரகம் என்று கேட்டு உடனே பின்னூட்டம் போட்டுவிடாதீர்கள். கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள். இந்த முறை நான் ஊர் சுற்றப் போகவில்லை. என் பேச்சைக் கேட்டு நட்டவரின் தோட்டம் என்ன ஆனது என்று பார்க்கப் போனேன். பொங்கல் முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். போன வருஷம் 'குளிர்ப் பிரதேசத்தில் சீக்கிரம் பழுக்கும் குடைமிளகாய்' என்று நீட்டி முழக்கி ஒரு பதிவு எழுதினேன். அதற்கு என்னிடம் இருந்த அனுபவம் மதுரையில் என் மொட்டைமாடியில் வைத்திருந்த பன்னிரண்டு தொட்டிகள். மதுரை மாடிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விதைப் பாக்கெட்டில் 'குளிருக்கு ஏற்றது, 75 நாள்' என்று இருந்தது. என் மாடியில் எண்பது சொச்சம் நாளில் பழம் சிவந்தும் விட்டது. போதாதா? எழுதிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டுப் போன் செய்தவர்தான் முருகேஸ்வரி. சொந்த ஊர் தேவாரம். போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் பதினாறு வருஷமாகக் காய் எடுத்துக்கொண்டு, அங்கேயே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறார். தோட்டத்து முதலாளி பத்து சென்ட் மேட்டு நிலத்தை ஒரு போகத்துக்கு அவரிடம் விட்டிருந்தார். விளைச்சல் காட்டினால் நிலம் தொடர்ந்து அவரிடம் இருக்கும். இல்லையென்றால் அங்கேயும் ஏலம் நட்டுவிடுவார். அதை நம்பி முருகேஸ்வரி காய் எடுக்கும் வேலையை விட்டுவிட்டார். புத்தாண்டுக் கூட்டத்துக்குச் சிவப்புக் குடைமிளகாய் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சின்னக்கானல் பக்கம் ஒரு ரிசார்ட்டில் சொல்லியிருந்தார்கள். "அண்ணே, எந்த வெதைன்னு நீங்களே சொல்லிருங்க" என்றார். சொன்னேன்.

ஆகஸ்ட்டில் விதைத்து, செப்டம்பர் கடைசியில் நாற்றைப் பிடுங்கி நட்டார். டிசம்பர் நடுவில் சிவந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். டிசம்பர் முழுக்க அவரிடமிருந்து பச்சைக் காயின் படங்களே வந்தன. "இன்னும் பத்து நாள் பொறுங்க" என்று மூன்று முறை சொன்னேன். ஜனவரி பிறந்தபிறகு படமும் வரவில்லை, போனும் வரவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்குக் காலை 8.20 ரயில். டிக்கெட் 25 ரூபாய், 10.30-க்கு இறக்கிவிட்டது. கூட்டம் இல்லை, உசிலம்பட்டி தாண்டியதும் ஜன்னல் ஓரம் கிடைத்தது. போடியில் இறங்கினால் ஏலக்காய் மணக்கும் என்று எழுதாத பயணக் கட்டுரை இல்லை. எனக்கு டீசல்தான் மணந்தது. ஆட்டோவில் பேருந்து நிலையம் போய் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, 11.15-க்கு மூணாறு பஸ்ஸில் ஏறினேன். போடிமெட்டு 26 கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையடிவார முந்தல் வரை வியர்த்துக்கொண்டிருந்தவன், பத்தாவது வளைவில் ஸ்வெட்டரைத் தேடினேன். இந்த ஒரு மணி நேரப் பயணத்தைப் பதிவு எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை செய்திருந்தால் அந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

மெட்டில் செக்போஸ்ட் தாண்டி ஜீப் நிற்கும். தோட்டம் உள்ளே எட்டு கிலோமீட்டர், தனியாகப் போனால் 400 ரூபாய், கூட்டத்தோடு போனால் 60. டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். உரமூட்டைகளுக்கு நடுவில் எனக்கு இடம் ஒதுக்கினார்.

"வெரசா ஏறுங்கண்ணே, லோடு எறக்கணும். யாரு வீட்டுக்கு?"

"முருகேஸ்வரின்னு, குடைமிளகாய் போட்டவங்க."

"அந்தக்காவா? எவனோ மதுரக்காரன் போன்ல சொன்னான்னு, பாத்துக்கிட்டிருந்த சோலியவும் விட்டுட்டு அந்த மேட்டுலயே கெடந்துச்சு. சொன்னவன் ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்தானா?"

நான்தான் அந்த மதுரைக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதி வழியில் எனக்கு ஒரு பீடியை வேறு நீட்டினார்.

இறங்கும்போது மணி ஒன்றேகால். பனி இன்னும் விலகவில்லை. பத்து சென்ட்டில் பாதி ஏற்கெனவே காலி, ஏலம் நடுவதற்குக் குழி வெட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் செடிகள் நின்றன. உள்ளங்கையை நிறைக்கும் காய்கள், நான் வர்ணித்தபடியே நாலு பக்கமும் உப்பிய, சதைப்பற்றான காய்கள். எல்லாம் பச்சை. சிலவற்றில் ஒரு ஓரம் மட்டும் பழுப்பேறி அப்படியே நின்றுவிட்டது. ஒன்றைத் தொட்டேன், அடிப்பக்கம் கொழகொழவென்று விரலோடு வந்தது.

முருகேஸ்வரி மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். நாற்பது வயது, தலையில் துண்டு.

"வாங்க சார்" என்றார். எட்டு மாதமாகப் போனில் நான் அண்ணன். நேரில் பார்த்ததும் சாராகிவிட்டேன். கோபித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"பச்சையாவே பறிச்சு வித்திருக்கலாமேம்மா" என்றேன். என்ன திமிர் பாருங்கள் எனக்கு.

"இது ஏலக்கா எடுக்குற கை சார். ஏலக்காயில நெறம் திரும்புறதுக்கு முன்ன எடுத்துரணும், பழுத்துச்சுன்னா காய் வெடிச்சுப் போயிரும். இதுலயும் பச்ச தெரண்டதும் கை தானாப் போச்சு. நீங்கதான் செவக்க விடு, செவக்க விடுன்னீங்க. கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"முதலாளி என்ன சொன்னார்?"

"அவரு என்ன சொல்லுவாரு. குழி வெட்டச் சொல்லிட்டாரு. அந்தக் கூலியும் எனக்கே குடுத்தாரு. திங்கக்கெழமையில இருந்து மறுபடி காய் எடுக்கப் போறேன்."

தன் நிலத்தில் தானே குழி வெட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், கேட்டது எனக்கே கேவலமாக இருந்தது. அவர் பால் சேர்க்காத கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

காப்பி குடிக்கும்போதுதான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அந்தச் செடியைப் பார்த்தேன். முழங்கால் உயரம்தான். விரல் நீளத்தில், கோணல்மாணலாக, மெல்லிய தோலோடு இருபது காயாவது இருக்கும். அத்தனையும் நல்ல சிவப்பு. ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டேன். காரமே இல்லை, தித்தித்தது.

"கார்த்திகையிலயே செவந்துருச்சு" என்றார் முருகேஸ்வரி. "மூணாறுக்கு மேல வட்டவடையில கட்டிக்குடுத்த எங்க அக்கா குடுத்த வெதை. ரெண்டு வரிசை போட்டிருந்தேன். வீடியோவுல பாத்துட்டு நீங்கதான பிடுங்கச் சொன்னீங்க? டிரம்முக்குப் பின்னாடி இருந்தது உங்க கண்ணுல படல."

நினைவு வந்தது. அக்டோபரில் ஒருநாள், டீ குடித்துக்கொண்டே சொன்னேன். இது குடைமிளகாய் மாதிரியே இல்லையே, எவன் வாங்குவான், பிடுங்கிப் போட்டுட்டு நம்ம ரகத்தை வைங்க என்று. நம்ம ரகம்!

மாலை நாலு மணி ஜீப்பில் திரும்பினேன். கடைசி ரயிலை விட்டுவிட்டு, போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து மதுரை என்று பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன். பழைய பதிவை எடுத்துவிட்டேன். அதைப் படித்து ஏற்கெனவே விதை வாங்கிவிட்டவர்களுக்காக, அதற்கப்புறம் விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பாக்கெட்டில் இருக்கும் நாள் விதைத்த நாளிலிருந்து அல்ல, நாற்று நட்டதிலிருந்து. அதுவும் பெரும்பாலும் பச்சைக் காய் பறிக்கும் வரைக்கும்தான். சிவக்க அதற்கு மேலும் வாரங்கள் ஆகும், ராத்திரி குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். குளிரில் பெரிய, தடித்த காயை நம்பாதீர்கள். சின்னக் காயும் மெல்லிய தோலும்தான் முந்திப் பழுக்கும். நாற்றைக் கீழே போடிச் சூட்டில் நன்றாக வளர்த்து, பூ எடுக்கும் முன் ஜீப்பில் மேலே கொண்டுபோய் நட்டால் சில வாரங்கள் மிச்சம். முதல் வருஷம் நாலைந்து ரகத்தில் பத்துப் பத்துச் செடி மட்டும் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும்விட, அந்த மலையிலேயே இருப்பவர்கள் என்ன விதை வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மொட்டைமாடிக்காரனைக் கேட்காதீர்கள்.

அந்தச் செடியை நான் படம் எடுக்கத் தயங்கி நின்றபோது முருகேஸ்வரியே, "எடுங்க சார், போடுவீங்கல்ல" என்று டிரம்மை நகர்த்திக் கொடுத்தார். மேலே இருப்பது அந்தப் படம்தான். அது என்ன ரகம், எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் ஜீப் ஏறும் முன் வெட்கமில்லாமல் நாலு விதை கேட்டேன்.

"இருக்குறது ஒரு செடிதான் சார்" என்றார். கொடுக்கவில்லை.