அண்ணன் பங்கும் தம்பி பங்கும்

லிஃப்ட் கம்பெனியில் அவனைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியின் சுவரில் காதை வைத்து ஒருமுறை மேலே போய் வந்தால் போதும், எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மனிதர்களிடம்தான் ஒட்டமாட்டான். நாலு பேர் சிரித்தால் தன்னைப் பற்றித்தானோ என்று முகம் சுருங்கும். பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பான்.

இதெல்லாம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு இவன் அண்ணன் மாதிரி அண்ணன் இல்லையே! கல்லூரியில் படிக்கும்போதே அண்ணனுக்கு யார் யாரோ பேசும் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை புண்ணியத்தில் இப்போது வீட்டில் சமைக்கிறான், துணி மடிக்கிறான், தம்பியைக் கிண்டல் செய்கிறான்.

"எனக்கும் வருமா டாக்டர்?" என்று தம்பி ஒருநாள் கேட்டேவிட்டான்.

"ஒரே ரத்தம்னா ஒரே வியாதின்னு இல்லப்பா. கூடப் பிறந்தவங்கள்ல பெரும்பாலும் வர்றதில்ல. சிலருக்குக் கொஞ்சம் சந்தேகம், தனியா இருக்கற சுபாவம், இப்படிக் குணமா நின்னுடும்."

நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். இவன் மனதில் 'கொஞ்சம்' மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தன் குணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

ஒருநாள் அந்த டாக்டரின் கட்டடத்து லிஃப்டையே பார்க்கப் போனபோது ஒரு மெல்லிய கிறீச். கூட வந்தவனைக் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உனக்கு மட்டும் எப்படிடா கேக்குது?"

அம்மா அண்ணனிடம் முதன்முதலில் கேட்ட அதே கேள்வி. பாம்புச்செவி அதற்குமேல் எதையும் தேடவில்லை. திறந்த கருவிப்பெட்டியை மூடி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அப்புறம் சோறு இறங்கவில்லை. சத்தம் நிஜமென்றால் அதில் ஏறுகிறவர்கள் கதி என்ன? பொய்யென்றால் தன் கதி என்ன?

அந்த வாரமே அண்ணனை மாத்திரைக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. அதே லிஃப்ட். கதவு மூடி நகர்ந்ததும் கிறீச். தம்பிக்கு வியர்த்துவிட்டது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணா, உனக்கு ஏதாவது கேக்குதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது, யாரிடம் போய் எதைக் கேட்கிறோம் என்று.

அண்ணன் தலையைச் சாய்த்தான். "கிறீச்னு ஒண்ணு. மேல, இடது பக்கம்."

"அது நிஜம்தானா?"

"அடேய், என் ஆளுங்களை எனக்குத் தெரியாதா? அவங்க வந்ததுமே என்னைத் திட்டுவாங்க. இது பாவம், யாரையும் திட்டல. அது பாட்டுக்கு அழுவுது."

தம்பி லிஃப்டை நிறுத்தி, வாசலில் பலகை வைத்துவிட்டு, பெட்டியின் தலைமேல் ஏறினான். இடதுபக்க உருளை வெடித்துப் பல்லிளித்தது. இறங்கி வந்து அண்ணன் தோளில் சாய்ந்து, வெட்கமில்லாமல் அழுதான்.

"இத்தனை வருஷமா இதுக்கா பயந்துட்டு இருந்த?" அண்ணன் அவன் முதுகைத் தட்டினான். "குரல் என் பங்கு, பயம் உன் பங்கு. என் பங்குக்காவது மாத்திரை இருக்கு."

மிச்ச மாடிகளைப் படியில் ஏறினார்கள். டாக்டர் அறைக்குள் போனதும், தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அண்ணன் தம்பியை உட்காரவைத்தான்.