பெருமாளுக்கு விலாசம் தேடிய ஒன்பது நாள்

அக்காவின் கல்யாணப் பத்திரிகை மலைக்கோட்டை அச்சகத்திலிருந்து கட்டாக வந்து இறங்கியபோது, "கவர் எல்லாம் நானே எழுதறேன்" என்று முந்திக்கொண்டவள் நான்தான். நானூறு கவர். பி.யு.சி. படிக்கிறவள், கையெழுத்துக்காகப் பள்ளியில் பரிசு வாங்கியவள்; ஒரே நாளில் முடித்துவிடுவதாக அறிக்கை வேறு விட்டேன்.

முதல் பத்திரிகை பெருமாளுக்கு. ஸ்ரீரங்கத்தில் அது எழுதாத சட்டம். வெற்றிலை பாக்கோடு சன்னதியில் வைத்துவிட்டு வருவார்கள். விலாசம் கிலாசம் எதுவும் கிடையாது. எனக்கு அது போதவில்லை. முத்துமுத்தாக விலாசம் எழுதி, அர்ச்சகரையே அசத்திவிடவேண்டும் என்று ஆசை.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பெயருக்கு முன்னால் என்ன போடுவது? 'மகாராஜராஜஸ்ரீ' போடலாமென்றால், அதையேதான் தஞ்சாவூரில் குமாஸ்தாவாக இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவுக்கும் போட்டாகவேண்டும். இரண்டு பேரும் ஒரே கிரேடா? அடுத்தது தெரு. பெருமாள் எந்தத் தெருவிலும் இல்லை; தெருக்கள்தான் அவரைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இதற்கே உபரிக் கவரில் நான்கு பாழ்.

முதல் கவர் நின்றதும் மீதியெல்லாம் நின்றன. ஆனால் நான் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லமுடியாது. நிப்பு கீறுகிறது என்று பஸ் ஏறிப் போய்ப் புது நிப்பு வாங்கினேன். விலாசப் பட்டியலை அகர வரிசையில் எழுதினேன். பிறகு ஊர் வாரியாக. பிறகு, கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள் முதலில் என்ற வரிசையில். நானூறு கவர்களுக்கும் நான்கு மூலையில் மஞ்சள் தடவி முடித்தேன். மஞ்சளுக்கு விலாசம் தேவையில்லை.

அப்பா தினமும் கேட்பார்: "எழுதியாச்சா?"

"ஆயிண்டே இருக்குப்பா."

"நாக்பூர்?"

"அதுதாம்பா மொதல்ல."

நாக்பூரில் இருப்பவள் அப்பாவின் ஒரே தங்கை. என் தம்பியின் பூணூல் பத்திரிகை, பூணூல் முடிந்த மறுநாள் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. "பூணூல் நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்" என்று ஒரு வரியில் கார்டு போட்டாள். அதோடு சரி. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை: "பத்திரிகை முறையாப் போகட்டும், தனியா லெட்டர் எதுக்கு" என்று இருந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அக்கா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். நானூறும் மூலையில் மஞ்சளோடு, நடுவில் மொட்டையாக இருந்தன.

"என்னடி இது, ஒண்ணுகூட எழுதலையா? ஒம்போது நாளா என்ன பண்ணிண்டிருந்தே?"

"பெருமாளுக்கு என்ன போடறதுன்னு..."

"பெருமாளுக்கு என் கல்யாணம் என்னிக்குன்னு நன்னாத் தெரியும். நாக்பூர் அத்தைக்குத்தான் தெரியாது. எடு கவரை."

"இரு, அந்தப் புது நிப்பு..."

"நிப்புல நெருப்பை வைக்க. அத்திம்பேருக்கு லீவு கிடைக்கணும், டிக்கெட் கிடைக்கணும், ரெண்டு நாள் ரயில்ல வரணும். அத்தை வரலேன்னா அப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டுதான் மணையில உக்காருவார். அந்த மடியில உக்காந்துதாண்டி நான் தாலி கட்டிக்கணும்!"

காலேஜ் பேனாவால் எழுதினேன். அவசரத்தில் ஒரு வரி மேலே ஏறியது, ஒரு வரி சறுக்கியது, 'நாக்பூர்' மேல் ஒரு சொட்டு மை விழுந்தது. வேறு கவர் எடுக்கப்போன கையில் அக்கா ஓர் அடி வைத்தாள். மை காய்வதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டு, கல்யாணப்பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வேகாத வெயிலில் தானே தபாலாபீசுக்குப் போனாள்.

பரிசு வாங்கிய கையெழுத்தின் மானம் போயாகிவிட்டது. இனி எப்படி எழுதினால் என்ன? அவள் திரும்பி வருவதற்குள் பதினேழு கவர். மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்தது. தஞ்சாவூர் மாமாவும் மகாராஜராஜஸ்ரீ ஆனார். பெருமாள் மட்டும் வெறுங்கவரைப் படுத்தபடியே வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் நாக்பூரிலிருந்து பதிலே இல்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரைக்கும் அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. அன்று காலை வாசலில் ஜட்கா வந்து நின்றது. அத்தை பெட்டியை இறக்குமுன் கைப்பையைத் திறந்து கவரை எடுத்தாள்.

"யார் எழுதினது இது? கோழி கிண்டினாப்பல! போஸ்ட்மேன் நாலு ஆத்துல காட்டிட்டுக் கொண்டுவந்து கொடுக்கறான்."

நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

"உன் மருமாள்தான்," என்றார் அப்பா. "கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவளாக்கும். உள்ள வா."