பின்பக்கம் சுவரை ஒட்டக் கூடாது

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் பழுது பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். பழுது பார்ப்பது கால்வாசி. "நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க" என்பதைக் கேட்டுத் தலையாட்டுவது முக்கால்வாசி. மிக்ஸி, டிவி, ஃபிரிட்ஜ் என்று வீடு வீடாக ஏறி இறங்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் எங்கள் கடையில் நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ப்ராட்பேண்ட் வந்த புதிதில் ஒரு வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள

மங்கலம்பேட்டையில் மெஹருன்னிசா வீடு. கணவர் துபாயில். அவர் போன பிறகு பிறந்த பெண் குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. தொழுகை முடிந்ததும் வெப்கேமராவில் காட்டுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் உயிரை விட்டது.

கரண்டு வந்து வந்து போனதில், பெட்டிக்குள் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை ஃபேனோடு கருகியிருந்தது. போதாக்குறைக்குப் பெட்டியைச் சுவரோடு அப்பி வைத்திருந்தார்கள். "பின்னாடி ஃபேன் இருக்குதுங்க, சூடு அது வழியாத்தான் வெளிய போவணும். பின்பக்கம் சுவத்த ஒட்டவே கூடாது" என்று மாமியாரிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "நீ சொல்ற மாரியே வைக்கிறோம்மா. எம் மவன் வெள்ளிக்கிழம புள்ளையப் பாத்துடணும், அவ்ளோதான்."

ஏ, பி, சி, டி

கடையில் பவர் சப்ளை இல்லை. சென்னையிலிருந்து சனிக்கிழமைதான் வரும் என்றார் முதலாளி. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ரிட்டையர்டு வாத்தியாரிடம் சும்மா கிடக்கும் பழைய பெட்டி ஒன்று ஞாபகம் வந்தது. பஸ் ஏறிப் போனேன். அதை அவர் போன மாதமே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்.

வந்ததுதான் வந்தாய், கீபோர்டைப் பார்த்துவிட்டுப் போ என்றார். கீபோர்டில் தூசி சேரக் கூடாது என்று முன்பு சொன்னவள் நான்தான். வாத்தியார் எல்லா எழுத்தையும் பிடுங்கி, சீயக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, ஏ-யிலிருந்து இஸட் வரை வரிசையாக மாட்டியிருந்தார். ஒன்றை அடித்தால் வேறொன்று வருகிறதாம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செஞ்சவன் அவசரத்துல தாறுமாறா மாட்டிட்டான் போலருக்குது. நான் சரி பண்ணி வச்சேன், அதுக்குத்தான் புரிய மாட்டேங்குது."

சூளைக் கணக்கு

வியாழக்கிழமை, தங்கவேல் அண்ணன் கூப்பிட்டார். பீங்கான் பொம்மை செய்கிறவர். பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டு. மகள் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் சூடாகி அணைந்து அணைந்து போகிறதாம். போய்ப் பார்த்தால் பெட்டிமேல் கோணிப்பை, ஃபேன் ஓட்டையில் துணி.

"ஏண்ணா, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சூளைய அணைச்ச ஒடனே கதவத் தொறப்பாங்களாம்மா? சில்லுனு காத்து பட்டா உள்ள இருக்கறது அத்தினியும் விரிசல் உட்டுடும்." கம்ப்யூட்டரையும் ஒரு தடவை போட்டால் மூன்று நாள் மூடி ஆறப்போடுவாராம்.

துணியைப் பிடுங்கினேன். உள்ளே ஒரே வெள்ளை மண் தூள். ஆனால் பவர் சப்ளை, எனக்கு வேண்டிய அதே வகை! குழந்தை விஷயத்தைச் சொல்லி இரவல் கேட்டேன். மனுஷன் யோசிக்கவே இல்லை: "தாராளமா எடுத்துட்டுப் போம்மா. எப்படியும் அது ஞாயித்துக்கிழம வரைக்கும் ஆறணும்."

முதல் பார்வை

பிரஷ்ஷால் தட்டி, வாயால் ஊதி, வெள்ளையாக வருவது நின்ற பிறகுதான் வெள்ளிக்கிழமை மங்கலம்பேட்டையில் அதை மாட்டினேன். மாமியார் தானே வந்து, நான் சொன்ன மாதிரியே பெட்டியைத் திருப்பி வைத்தார். முன்பக்கம் சுவரை ஒட்டியது. பின்பக்கம் எங்களைப் பார்த்தது. துபாயில் அவர் காத்திருந்தார், வாதாட நேரமில்லை. கையை வளைத்துப் பட்டனை அமுக்கினேன்.

லைன் கிடைத்தது. மெஹருன்னிசா புதுக் கவுனில் குழந்தையை மடியில் வைத்து, கேமராவுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், பவர் சப்ளை ஃபேன் சுற்றவில்லை. பெட்டி அணைந்தால் எல்லாம் போச்சு. ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

சுற்றியது. நான் ஊதி வராத தூளெல்லாம் அது ஊதி வந்தது. குழந்தை தும்மியது. நாங்கள் நாலு பேரும் சூளைக்குப் போகாத பொம்மைகளாக உட்கார்ந்திருந்தோம். அந்த நொடி பார்த்துத்தான் அங்கே படம் தெரிந்திருக்கிறது. மெஹருன்னிசா முந்தானையை எடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு அவர் குரல்: "எதுக்கு மெஹரு புள்ளைக்கு இவ்ளோ பவுடரு? மூஞ்சே தெரியல… வேணாம், தொடைக்காத, அசைஞ்சா கட்டாயிடப் போவுது. அப்படியே இரு, பாத்துக்கறேன்."

ஆகவே சக பாவிகளே, நம் பேச்சைக் கேட்காத வாடிக்கையாளரைக்கூடச் சமாளித்துவிடலாம், அப்படியே கேட்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.