சட்டைக்காரன் கொட்டாயும் சுடுகாட்டு வழியும்

பக்கத்து வீட்டில் புதுப்புளிக்குக் கொட்டை எடுக்கிறார்கள். ஜன்னல் வழியே அந்த வாசம் வந்ததும் மற்றவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். எனக்குக் கோபம் ஊறியது. நான் வளர்ந்ததே எங்கள் ஊர் மணியக்காரர் தோப்புப் புளி வாசத்தில்தான்.

தர்மபுரிப் பக்கம் சின்ன ரயில் ஓடிய காலம் அது. தண்டவாளம் போட வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் உள்ளூர்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். அதில் ஒருவர் என் மம்மியின் அப்பா. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தை மகள் பேருக்கு வாங்கி வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். அந்த நிலத்தில் ஏழெட்டு ஓட்டு வீடுகள். கவுனும் கால்சட்டையும் போட்ட கலப்பு வம்சம் என்று அந்தக் குடியிருப்புக்கு ஊரார் வைத்த பேர் சட்டைக்காரன் கொட்டாய்.

எங்கள் பவிசைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கவுன் மாட்டிக்கொண்டு, பீங்கான் தட்டில் கேழ்வரகுக் களியை வைத்து முள்கரண்டியால் குத்துவோம். களி கரண்டியை விடாது. கடைசியில் கையால்தான் தின்போம். கொட்டாய் ஆண்கள் எல்லாருக்கும் ரயிலில்தான் வேலை. டாடி பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவர்.

தம்பி ஜானி காய்ச்சலில் செத்துப்போனான். நான்கு வயது. மாதா கோவில் கல்லறைக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனையில் மணியக்காரர் ஆட்களோடு நின்றார்.

"சட்டைக்காரப் பொணம் எங்க தெருவுல வரக்கூடாது."

"பச்சப் புள்ளங்க இது. பொட்டிய நாங்களே தூக்கினு ஓரமா போயிடறோம்ங்க" என்றாள் மம்மி.

"ஓடையில சுத்திப் போங்க."

போனோம். ஓடை முழுக்க வேலிகாத்தான் முள். டாடி தலைமேல் பெட்டி. மம்மியின் ஒரே ஜோடி செருப்பில் ஒன்று சேற்றோடு போய்விட்டது. அவள் அழவில்லை. வழி நெடுக ஒவ்வொரு முள்ளையும் பெயர் கேட்டு வைத்துக்கொள்பவள் போலப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஊர்ச் சுடுகாட்டுக்கு வழி எங்கள் நிலத்துக்குள்ளேதான் போனது. அதை அதுவரை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அடுத்த வாரமே மம்மி அதன் குறுக்கே கள்ளி நட்டாள். நானும்தான் தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவு ஆசையாக வேறெந்தச் செடிக்கும் நான் ஊற்றியதில்லை.

கள்ளி ஆளுயரம் வளர்ந்த மழைக்காலத்தில் மணியக்காரர் செத்தார். மேளத்தோடு பாடை வந்தது. வீட்டிலிருந்த ஒரே பிரம்பு நாற்காலியைக் கள்ளிக்கு முன்னால் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கவுனோடு மம்மி உட்கார்ந்தாள். மேளம் நின்றது. மணியக்காரரின் மூத்த மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

"அம்மா, வழி உடுங்கம்மா."

"ஓடையில சுத்திப் போங்க."

டாடி குனிந்து, "உட்டுடு ரோசி. செத்தவன் மேல என்ன கோவம்?" என்றார்.

"செத்தவன் மேல இல்ல. தூக்கறவனுங்க மேல. அன்னிக்கு தெருமொனயில நின்னது இவனுங்கதான்."

திரும்பிப் போனார்கள். ஓடையில் முழங்கால் சேறு. பாடை சரிந்தது, நிமிர்ந்தது, மறுபடி சரிந்தது. கரையில் நின்று நான் கைதட்டினேன். மம்மி தடுக்கவில்லை. அந்தக் கைதட்டலுக்காக நான் இதுவரை எந்தச் சாமியிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரும்புக்காக ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வேலை போன குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நாங்கள் கடைசி. மணியக்காரர் மகன் நல்ல விலை சொல்லி நிலத்தைக் கேட்டான். மம்மி அவனுக்குக் கொடுக்கவில்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாமல் வைத்திருந்தார்களே, அந்தச் சேரியைச் சேர்ந்த மாரிக்குச் சும்மாவே எழுதிக் கொடுத்தாள். "வழி கேட்டா யோசிச்சிக் குடு" என்று மட்டும் சொன்னாள்.

போன மாதம் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்தேன். ரயில் ஓடிய மேட்டில் கேழ்வரகு விளைகிறதாம். ஓட்டு வீடுகள் ஒன்றுமில்லை. சட்டைக்காரன் கொட்டாய் என்ற பேரே இப்போது யாருக்கும் தெரியாதாம். ஊரில் யார் செத்தாலும் மாரியின் பேரனிடம் வழி கேட்டுவிட்டுத்தான் பாடையை எடுக்கிறார்களாம்.

அன்று காப்பி ஒரு டம்ளர் கூடுதலாகக் குடித்தேன்.